13 வயது லாப்ரடார் இரவில் உறங்குவதில்லை: வலியா, மறதியா?

மதுரைவாசி:
வணக்கம். எங்கள் லாப்ரடாருக்கு வரும் தை மாதத்தில் 13 வயது நிறைகிறது; எடை 38 கிலோ. சில மாதங்களாகப் பகல் முழுவதும் தூங்கிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் எழுந்து கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறான். சில வேளைகளில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்துவிட்டு, பின்னால் வரத் தெரியாமல் நின்று முனகுகிறான். டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் வழுக்குகின்றன. கண்மணிகள் நீலம் பாரித்திருக்கின்றன. வயதானால் அப்படித்தான் என்கிறார் என் தந்தையார். வலியாக இருக்கும், நாம் விழுங்கும் மாத்திரையில் பாதியைக் கொடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பலர் சொன்னதால் இறைச்சியைக் குறைத்து, பெரும்பாலும் தயிர்ச்சோறே கொடுக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அம்மா, அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்களுக்குக் குடற்புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். நாய்களுக்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் ஆகியவை இருக்கின்றன என்றாலும், இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் முதிய நாய்க்கு அவற்றையும் தொடங்கக் கூடாது.

மூலையில் சிக்கி நிற்பதும் இரவு பகலாக மாறுவதும் முதுமை மறதியின் அடையாளங்கள்தாம். மனிதர்களின் அல்சைமர் நோயில் போலவே இந்த நாய்களின் மூளையிலும் அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது. ஆனால் பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். மூட்டுத் தேய்ந்த நாயால் ஒரே பக்கமாக நெடுநேரம் படுக்க முடியாது; எழுந்து நடந்தால் சற்று இதமாக இருப்பதால் அது நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் இரவில் வெளியே போகத் தவிக்கும். ஆகவே ஒரு நாள் முழுவதும் அவன் குடிக்கும் நீரை அளந்து பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால், அதாவது உங்கள் நாய் 3.8 லிட்டருக்கு மேல் குடித்தால், அதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. இரவு நடையைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டுவதை மறைத்துவிடுகின்றன.

கண்ணின் நீலப் படலம் பெரும்பாலும் விழிவில்லை முதிர்வதால் வருவது. பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. வெண்மையாகத் தெரிவதுதான் கண்புரை. இதையும் மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

கோவை நாய்ப்பிரியர்:
மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு உணவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனெனில் 38 கிலோ என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஆனால் குறைக்க வேண்டியது சோற்றை, இறைச்சியை அன்று. சிறுநீரகம் நலமாக உள்ள முதிய நாய்க்குப் புரதத்தைக் குறைத்தால் தொடைத் தசை கரைந்து, நீங்கள் சொல்லும் வழுக்கல் இன்னும் மிகும். பரிசோதனையில் சிறுநீரகம் பழுதென்று தெரிந்தால் மட்டும், பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு மருத்துவர் சொல்லும்படி மாறலாம். தயிர்ச்சோற்றை மட்டுமே உண்டு ஒரு நாய் முழு ஊட்டம் பெற முடியாது; நம் வீடுகளில் இதை ஏற்கவைப்பதுதான் கடினம்!

திருச்சி அடுக்ககவாசி:
தரைக்கு: அவன் நடக்கும் பாதை நெடுகிலும் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை இடைவெளியின்றிப் போடுங்கள். நகங்களையும் பாதத் திண்டுகளுக்கு இடையே வளர்ந்த முடியையும் வெட்டிவிட்டாலே பாதி வழுக்கல் குறையும். பீரோ இடுக்கை ஓர் அட்டைப் பெட்டியால் அடைத்துவிட்டு, கூடத்தில் சிறு விளக்கொன்றை விடியும்வரை எரியவிடுங்கள்.

மதுரைவாசி:
அனைவருக்கும் நன்றி. நாளையே இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கக் கொடுக்கிறோம். மறதி என்றே முடிவானால் மருந்து உண்டா? மேலும், அவன் குரைப்பு கரகரத்துவிட்டது. மூச்சு வாங்கும்போது ஒரு சத்தமும் கேட்கிறது. இது சளியா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
மறதிக்குச் செலிஜிலின் என்னும் மருந்து இருக்கிறது. சில நாய்களில் நல்ல பலன் தெரியும், சிலவற்றில் தெரியாது. நோயை அது முற்றாக நீக்காது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. முதிய லாப்ரடாரில் குரைப்பு மாறி, மூச்சில் சத்தமும் சேர்ந்தால், குரல்வளை வாதத்தை முதலில் நினைக்க வேண்டும். மூச்சை உள்ளிழுக்கையில் குரல்வளை சரியாகத் திறவாது. அதே நரம்புத் தளர்ச்சியே பின்னங்கால்களையும் வலுவிழக்கச் செய்யக்கூடும். மேல்மூச்சு வாங்கித்தான் நாய் தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், மதுரை வெயிலில் இந்த நிலை உயிருக்கே ஆபத்தாகலாம். கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிட்டு மார்புப் பட்டையை மாட்டுங்கள். விடியலிலும் இரவிலும் மட்டும் சிறிது தூரம் நடத்துங்கள். நாளை மருத்துவரிடம் மற்ற எதற்கும் முன்னால் இந்தச் சத்தத்தைச் சொல்லுங்கள். நாக்கு நீலமானால் நாளைவரை காத்திருக்கக் கூடாது.