மாம்பூ கருகிக் கொட்டுகிறது, மாசியில் என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம் (கேள்வி):

வணக்கம். மதுரை மேலூர் பக்கம், செம்மண் நிலம். வீட்டுக்குப் பின்னால் 15 சென்டில் ஒரு பங்கனப்பள்ளி, ஒரு செந்தூரம், 2 கொய்யா, ஒரு எலுமிச்சை நிற்கின்றன. எல்லாம் என் மாமனார் வைத்தவை. போன ஆவணியில் அவர் தவறிவிட்டார். அவர் இருந்தவரை எந்த மாதம் எந்த மரத்துக்கு என்ன செய்தார் என்று நான் கவனித்ததே இல்லை. இந்த வருடம் எல்லாம் என் பொறுப்பு. ஒரு மரத்தைக்கூட விட்டுவிடக் கூடாது என்று இருக்கிறேன்.

தை கடைசியில் இரண்டு மாவும் பூத்தன. இப்போது பங்கனப்பள்ளியின் பூங்கொத்து கறுத்து, தொட்டால் பொடிந்து விழுகிறது. இலையின் மேல்பக்கம் அடுப்புக்கரி பூசியதுபோல் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டியின் சீட்டில் பாகு ஊற்றியதுபோல் பிசுபிசுப்பு. கீழே நடந்தால் முகத்தில் தூறல் விழுவதுபோல் ஏதோ வந்து மோதுகிறது. செந்தூரத்தில் பிசுக்கு இல்லை, ஆனால் அதிலும் பூ கொட்டுகிறது.

'வசந்த காலத் தோட்ட வேலைகள்' என்று ஒரு வெளிநாட்டு வீடியோ பார்த்தேன். பனி விலகியதும் கவாத்து, உரம், தண்ணீர் என்றார்கள். அதை நம்பி, பொங்கல் முடிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டேன். மரத்துக்கு 2 கூடை சாண எரு போட்டேன். செந்தூரத்தில் கிழக்குப் பக்கக் கிளை நுனிகளையும் வெட்டினேன். அந்தப் பக்கம் பூவே இல்லை, செம்பு நிறத்தில் துளிர்தான் வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?

நத்தம் தோப்புக்காரர்:

தங்கச்சி, மருந்து வாங்க ஓடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்து, அதன்மேல் ஒரு பூங்கொத்தைத் தட்டுங்கள். என்ன விழுகிறது, எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள். இரண்டு மரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். செந்தூரத்தின் பூக்காம்பை விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு ஒட்டுகிறதா என்று.

கொல்லைப்புறம்:

பார்த்தேன் அண்ணா. பங்கனப்பள்ளியில் ஒரு கொத்தைத் தட்டியதும் பத்துப் பதினைந்து பூச்சிகள் விழுந்தன. தலை அகலம், வால் பக்கம் கூம்பு, அரிசியைவிடச் சின்னது, பழுப்பு நிறம். நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி, சட்டென்று குதித்துவிட்டன. செந்தூரத்தில் பூச்சி இல்லை. ஆனால் பூக்காம்பைத் தேய்த்த விரலில் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது.

நத்தம் தோப்புக்காரர்:

நினைத்தேன். இரண்டு மரத்துக்கும் இரண்டு வேறு தொல்லை.

பங்கனப்பள்ளியில் இருப்பது தத்துப்பூச்சி. பூக்காம்பில் சாறு உறிஞ்சும்போது அது கழிக்கிற தேன்போன்ற பிசுக்குதான் உங்கள் வண்டி சீட்டில் இருப்பது. அந்தப் பிசுக்கின் மேல் வளர்வது கரும்பூஞ்சணம். அது இலைக்குள் இறங்காது. மேலே படர்ந்து வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். அதனால் கரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூச்சியைப் பிடியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம் 5 மணிக்கு மேல், இலையின் அடியிலும் அடிமரத்துப் பட்டை வெடிப்புகளிலும் நன்றாகப் படும்படி அடியுங்கள். பூ இல்லாத காலத்தில் இந்தப் பூச்சி பட்டை இடுக்கில்தான் பதுங்கிக் கிடக்கும், அதனால் அடிமரத்தை விடாதீர்கள். நன்றாக விரிந்திருக்கிற பூவின்மேல் நேராக அடிக்க வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் தேனீயைவிட ஈக்களுக்குப் பங்கு அதிகம். அதைக் கொன்றுவிட்டுக் காய் கேட்க முடியாது. கடையில் வீரியமான பூச்சிமருந்தை எடுத்துக் கொடுப்பார்கள், பூ விரிந்திருக்கும்போது வாங்கவே வாங்காதீர்கள்.

செந்தூரத்தில் இருப்பது சாம்பல் நோய். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, இரவுக் குளிரும் விடிகாலைப் பனியும் அதற்கு நல்ல தோது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், இதுவும் வெயில் தாழ்ந்தபின்.

தண்ணீர் விட்டதுதான் பெரிய தப்பு. மா பூக்க வேண்டுமென்றால் கொஞ்சம் காய வேண்டும். கார்த்திகை, மார்கழியிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவோம், பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின்தான் மறுபடி விடுவோம். ஈரமும் எருவும் சேர்ந்தால் மரம் பூவை மறந்து துளிர் விடும். இனி எருவே போட வேண்டாம், அறுவடை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கொல்லைப்புறம்:

ரொம்ப நன்றி அண்ணா. என்னிடம் ஒரே ஒரு 16 லிட்டர் தெளிப்பான்தான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து இரண்டு மரத்துக்கும் அடித்துவிடலாமா?

நத்தம் தோப்புக்காரர்:

கூடவே கூடாது! எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை, பூ எல்லாம் வெந்துபோகும். ஒரே மரத்துக்கு இரண்டும் தேவைப்பட்டால்கூட நடுவில் 2 வாரம் விட வேண்டும். கந்தகத்தை முதலில் அடித்து, தெளிப்பானைச் சோப்பு போட்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டு, மறுநாள் மற்ற மரத்துக்கு வேப்பெண்ணெய் அடியுங்கள்.

சிவகங்கைச் சீமை:

அக்கா, கவாத்து பற்றி யாரும் சொல்லவில்லையே. மா, முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். நீங்கள் நுனியை வெட்டியது பூவையே வெட்டியதுபோல. மாவுக்குக் கவாத்து என்றால் காய் பறித்தபின், ஆடி ஆவணியில்தான். அப்போது நடுவில் அடைந்திருக்கும் கிளைகளை எடுத்து வெளிச்சம் விடுங்கள். தத்துப்பூச்சிக்கு அடர்ந்த நிழல் பிடிக்கும். வெட்டிய இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை பூசுங்கள்.

கொய்யா அப்படி இல்லை. அது புதுத் துளிரின் இலைக்கக்கத்தில் பூக்கும். அதனால் இந்த மாசியில் வெட்ட வேண்டிய மரம் உங்களுக்குக் கொய்யாதான். நுனிகளை ஒரு சாண் வெட்டிவிட்டால் துளிரோடு மொட்டும் வரும். அந்த வீடியோவில் சொன்ன வேலை தப்பில்லை, மரம்தான் மாறிப்போச்சு.

எலுமிச்சைத் துளிரில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கும். சின்னச் செடியானால் கையாலேயே எடுத்துவிடலாம். அப்புறம், மரத்தடியில் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். அதையே மூடாக்காகப் போடுங்கள், பங்குனி வெயிலுக்கு வேர் குளிர்ந்து இருக்கும். அடிமரத்தில் மட்டும் ஒட்டவிட வேண்டாம்.

பழைய சம்சாரி:

எங்கள் அப்பா காலத்தில் மாலையில் மரத்தடியில் வேப்பிலை மூட்டம் போடுவார்கள். பூச்சி ஓடிவிடும். மருந்தே தேவைப்படாது.

நத்தம் தோப்புக்காரர்:

ஐயா, நாங்களும் போட்டிருக்கிறோம். போட்ட இரவு விலகும், மறுநாள் திரும்பி வந்துவிடும். தாழ்ந்த கிளையாக இருந்தால் சூட்டில் பூ சுருண்டுபோகும். அவர்கள் வீட்டு மரம் வண்டி நிறுத்தும் அளவுக்குத்தான் உயரம் போலிருக்கிறது, வேண்டாம்.

கொல்லைப்புறம் (19 நாள் கழித்து):

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். தண்ணீரை அன்றே நிறுத்தினேன். கந்தகம் ஒருமுறை, வேப்பெண்ணெய் 10 நாள் இடைவெளியில் இருமுறை. வண்டி சீட் இப்போது ஒட்டுவதில்லை. இன்று காலை ஏணி போட்டுப் பார்த்தேன். செந்தூரத்தின் மேற்குப் பக்கம் மிளகு அளவில் பிஞ்சுகள், ஒரு கொத்தில் 11 எண்ணினேன். பங்கனப்பள்ளியில் கறுத்த கொத்துகளில் ஒன்றும் இல்லை, மேல்கிளையில் தாமதமாக வந்த கொத்துகளில் மட்டும் இருக்கிறது. கொய்யா துளிர்த்துவிட்டது. ஏணியில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

இரண்டு கேள்வி. இலையில் இருக்கும் கரி போகவில்லை. அப்புறம், அந்த 11 பிஞ்சும் நிற்குமா?

நத்தம் தோப்புக்காரர்:

மனசுக்கு நிறைவாக இருக்கிறது, தங்கச்சி.

கரிக்கு மைதாக் கஞ்சி அடியுங்கள். 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி, துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் இலையில் மட்டும் அடியுங்கள். காய்ந்ததும் அப்பளம் மாதிரி உரிந்து, கரியையும் எடுத்துக்கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் அடித்தால் பலன் இல்லை.

11ம் நிற்காது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூக்கள், கடைசியில் கொத்துக்கு ஒன்று இரண்டு தங்கினாலே நல்ல காய்ப்பு. உதிர்வதைப் பார்த்து மறுபடி தினமும் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். பட்டாணி அளவு வரட்டும், அப்புறம் 10 நாளுக்கு ஒருமுறை, கிளை பரந்திருக்கும் விளிம்பில் வட்டப் பாத்தி கட்டி நிறைய விடுங்கள். அடிமரத்தில் ஊற்ற வேண்டாம்.

கொல்லைப்புறம்:

சரி அண்ணா. மாமனார் கட்டிய வட்டப் பாத்தி அந்த விளிம்பில் மேடாக இன்னும் தெரிகிறது. எதற்கு இவ்வளவு தள்ளிக் கட்டினார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதையே வெட்டிச் சரிசெய்கிறேன்.