கருப்பு வெள்ளையாக்கினால் கட்டடங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு: அவசர உதவி தேவை

கடல்காற்று | வியாழன் இரவு 10:42

வணக்கம். சிங்கப்பூர் மரினா பே படம் ஒன்றைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கலரில் நன்றாகத்தான் இருக்கிறது. கருப்பு வெள்ளையாக்கி வானத்தை இருட்டாக்கினால், சாக்பீஸால் வரைந்தது போலக் கட்டடங்களின் ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு கோடு விழுகிறது. வானமும் திட்டுத் திட்டாகிவிடுகிறது. மூன்று இரவாகப் போராடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அத்தான் 90களில் ராஃபிள்ஸ் பிளேஸில் கட்டட வேலைக்கு வந்தவர். அந்தக் கட்டடங்களைப் பெரிய பிரிண்டாகப் போட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும். என்ன செய்தால் இந்தக் கோடு போகும்?

பிக்சல்பாண்டி | வியாழன் இரவு 10:51

என்ன கேமரா? ராவா (சென்சார் பதிந்தது அப்படியே), ஜேபெக்கா (அமுக்கிச் சேமித்தது)? எந்த சாஃப்ட்வேர்? வானத்தை எதை வைத்து இருட்டாக்குகிறீர்கள், ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரா, வானத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கா? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. ஒரு கட்டடத்தின் ஓரத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கி, அந்தத் துண்டை மட்டும் போடுங்கள்.

மூன்றாங்கண் | வியாழன் இரவு 11:03

கிளாரிட்டி அல்லது டீஹேஸ் தொட்டிருப்பீர்கள், அதுதான் காரணம். அந்த ஸ்லைடர்கள் ஒவ்வொரு இடத்தின் வெளிச்சத்தையும் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கூட்டிவிடும். இருட்டான கட்டடமும் வெளிச்சமான வானமும் உரசும் இடத்தில் வானம் இன்னும் வெளுத்துப்போகும். எனக்கு ஐந்து வருடம் முன்பு இதே கதைதான். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

இருட்டறை | வியாழன் இரவு 11:20

கருப்பு வெள்ளை என்பது கடைசியில் ஒரு பட்டனை அழுத்தி வருவதல்ல. ஷட்டரை அழுத்தும் முன்பே கண் சாம்பல் நிறங்களில் பார்க்கப் பழக வேண்டும். எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் போட்டு, லென்ஸில் 25ஏ சிவப்பு ஃபில்டர் மாட்டி எடுத்தால் வானம் கேமராவுக்குள்ளேயே இருண்டுவிடும். மூன்று ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), அவ்வளவுதான். முப்பது வருடமாக எடுக்கிறேன், ஒரு நெகடிவில் கூட இப்படிக் கோடு விழுந்ததில்லை. கடலில் இருந்து வரும் மூட்டத்தையும் சிவப்பு ஃபில்டர் வெட்டிவிடும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

நீலவேளை | வியாழன் இரவு 11:31

எந்தப் பக்கம் நின்று, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மரினா பேயில் அதுதான் முதல் கேள்வி.

கடல்காற்று | வியாழன் இரவு 11:48

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, ட்ரைபாட் வைத்து எடுத்தது. மரினா பே சாண்ட்ஸுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸைப் பார்த்து, மாலை 6:40 மணிக்கு. லைட்ரூம். கருப்பு வெள்ளை மிக்ஸில் நீல ஸ்லைடரை மைனஸ் 85 வரை இழுத்தேன். கிளாரிட்டியைத் தொடவே இல்லை.

பிக்சல்பாண்டி | வியாழன் இரவு 11:52

ராவா, ஜேபெக்கா? இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கோடு எவ்வளவு அகலம் என்பதையும் சொல்லுங்கள். கிளாரிட்டியால் வருவது புகை போல அகலமாகப் பரவி நிற்கும். ஒன்றிரண்டு புள்ளி அகலத்தில் கூர்மையாக இருந்தால் காரணம் வேறு.

நீலவேளை | வெள்ளி அதிகாலை 12:15

அங்கிருந்து பார்த்தால் ராஃபிள்ஸ் பிளேஸ் மேற்கே இருக்கிறது. மாலை 6:40 என்றால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருக்கும். சூரியனுக்குப் பக்கத்தில் வானம் நீலமாகவே இருக்காது, வெளிறிக் கிடக்கும். நீல ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் அங்கே இருட்டாக ஒன்றும் இல்லை. நான் அதே இடத்துக்குக் காலையில் போவேன். ஏழு மணி வாக்கில் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்பும், கோபுரங்களின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். முந்தின நாள் இடி மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. மழை கழுவிவிட்டது போல வானம் ஆழமாக இருக்கும்.

இன்னொன்று. யூஓபி பிளாசா, ரிபப்ளிக் பிளாசா, ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் மூன்றும் கிட்டத்தட்ட 280 மீட்டர். பின்னால் வந்த கேபிட்டாஸ்பிரிங்கும் அதே உயரம். தலைப்பக்கம் ஒரே மட்டமாக நிற்கும் கட்டடங்கள் இவை. மாலையில் பின்வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கருப்புச் சுவராகிவிடும். காலை வெளிச்சத்தில் ஒன்று வெள்ளையாகவும், ஒன்று சாம்பலாகவும், கண்ணாடிக் கட்டடம் இருட்டாகவும் பிரிந்து நிற்கும். கீழே தண்ணீரை ஒட்டி 1928ஆம் வருடத்து ஃபுல்லர்டன் கட்டடத்தின் தூண்கள் தனியாகத் தெரியும். அத்தான் வேலை பார்த்த கட்டடம் எதுவென்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்றால் காலைப் படம்தான்.

மூன்றாங்கண் | வெள்ளி அதிகாலை 12:24

ஞாயிற்றுக்கிழமை விழா. அவருக்கு இன்னொரு காலைக்கு எங்கே நேரம்?

நீலவேளை | வெள்ளி அதிகாலை 12:30

சனிக்கிழமை காலை இருக்கிறதே. இருட்டறை அண்ணா, மூட்டத்தைச் சிவப்பு ஃபில்டர் வெட்டும் என்றீர்கள். காற்றின் மூலக்கூறுகள் சிதறடிக்கும் மெல்லிய நீல மூட்டத்துக்கு அது சரி. சிங்கப்பூரில் வருவது பெரும்பாலும் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை. அதன் துகள்கள் பெரியவை, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒன்று போலவே சிதறடிக்கும். 2013 ஜூனில் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டபோது நான் அங்கே இருந்தேன். எந்த ஃபில்டரும் உதவவில்லை, எதிர்க்கரையே தெரியவில்லை.

இருட்டறை | வெள்ளி காலை 6:10

புகையை நான் சொல்லவில்லையம்மா, சாதாரண நாளைச் சொன்னேன். தம்பியும் ஒரு சிவப்பு ஃபில்டர் வாங்கி மாட்டினால் போதும்.

பிக்சல்பாண்டி | வெள்ளி காலை 7:35

கலர் சென்சாரில் வேண்டாம் சார். அதில் நாலு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு ஃபில்டர் மாட்டினால் பச்சைக்கும் நீலத்துக்கும் வெளிச்சமே கிட்டத்தட்டப் போகாது. 24 மெகாபிக்சல் கேமராவில் 6 மெகாபிக்சல்தான் உருப்படியாக வேலை செய்யும். ஃபிலிமில் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை வாங்கும், அதனால் அங்கே சரியாக வரும். 2012இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் மாதிரி நிறத் தடுப்பே இல்லாத சென்சாரிலும் சரியாக வரும். இவருடைய கேமரா அது இல்லை.

பழையபேட்டை | வெள்ளி காலை 9:02

வானத்தைக் கருப்பாக்குவதே எனக்குப் பிடிக்கவில்லை. பகலில் வானம் கருப்பாக இருப்பதை யார் பார்த்தார்கள்? நகரத்தை உள்ளபடி காட்ட வேண்டும். இப்போது வரும் ஸ்கைலைன் படங்களில் பாதி, இடி இறங்கப்போகும் ஊர் போல இருக்கிறது.

இருட்டறை | வெள்ளி காலை 9:40

உள்ளபடி என்றால் எது? 19ஆம் நூற்றாண்டுத் தகடுகளுக்கு நீலம் மட்டும்தான் தெரியும். அதில் எல்லா வானமும் வெறும் வெள்ளையாக வந்தது. அதுவும் பொய்தானே? 1850களில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒரு நெகடிவ் என்று இரண்டைச் சேர்த்துப் பிரிண்ட் போட்டார். 1927இல் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். கண்ணுக்கு எதிரே இருந்த பிரமாண்டம் அதில் வராது என்று தோன்றவே, கையில் மிச்சமிருந்த கடைசித் தகட்டில் அடர் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கருப்பு. அந்தப் பாறையின் முன்னால் நின்றபோது அவருக்கு இருந்த உணர்வு அதுதான்.

பழையபேட்டை | வெள்ளி காலை 10:15

மலைக்குச் சரி. மனிதர்கள் குடியிருக்கும் ஊருக்கு ஏன்? அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவருக்கு அந்த ஊரின் வெயில்தான் ஞாபகம் இருக்கும். வெளுத்த வானமும் கண்ணைக் கூசும் கண்ணாடியும்தான் அந்த வெயில்.

நீலவேளை | வெள்ளி காலை 10:40

இது எனக்கும் உறைக்கிறது. ஆனாலும் வெள்ளை வானம் பெரிய பிரிண்டில் பேப்பரோடு கலந்து ஓட்டை மாதிரி நிற்கும். கொஞ்சமாவது சாம்பல் வேண்டும்.

கடல்காற்று | வெள்ளி மதியம் 12:55

வேலையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேபெக். கோடு மெல்லியதுதான், இரண்டு மூன்று புள்ளி. படத்தின் அளவு 1600 × 1067 என்று காட்டுகிறது.

பிக்சல்பாண்டி | வெள்ளி மதியம் 1:04

24 மெகாபிக்சல் கேமராவில் 6000 × 4000 வர வேண்டும். 1600 எங்கிருந்து வந்தது? படம் கம்ப்யூட்டருக்கு எப்படிப் போனது?

கடல்காற்று | வெள்ளி மதியம் 1:10

கேமராவிலிருந்து வைஃபையில் போனுக்கு இறக்கினேன். குடும்பக் குழுவில் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அதையே லேப்டாப்பில் திறந்து சேமித்துக்கொண்டேன். அது தப்பா?

பிக்சல்பாண்டி | வெள்ளி மதியம் 1:38

உங்கள் கோட்டுக்குக் காரணம் அதுதான். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஜேபெக் ஒரு படத்தைச் சேமிக்கும்போது வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரிக்கிறது. வெளிச்சத்தை எல்லாப் புள்ளிக்கும் வைத்துக்கொள்ளும். நிறத்தைப் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்று என்றுதான் வைக்கும். நம் கண் நிறத்தின் கூர்மையை அவ்வளவாகக் கவனிக்காது, அதனால் கலரில் பார்க்கும்போது குறை தெரியாது. அந்த வெளிச்சக் கணக்கிலும் நீலத்தின் பங்கு மிகக் குறைவு: பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு வெறும் 0.114. ஆகவே நீலத்தில் என்ன குப்பை இருந்தாலும் கலர்ப் படத்தில் மறைந்துவிடும்.

இப்போது நீங்கள் நீல ஸ்லைடரை இழுக்கிறீர்கள். எந்தப் புள்ளி எவ்வளவு நீலம் என்பதை சாஃப்ட்வேர் அந்த மங்கிய நிறத் தகவலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கட்டடத்தின் ஓரத்தில் வானத்தின் நீலமும் சுவரின் சாம்பலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஓரத்தை ஒட்டிய வானம் பாதி நீலமாகத்தான் பதிவாகியிருக்கும். மற்ற வானமெல்லாம் இருட்டாகும்போது அந்த இரண்டு மூன்று புள்ளி மட்டும் இருட்டாகாமல் தங்கிவிடுகிறது. உங்கள் வெள்ளைக் கோடு அதுதான். திட்டுகளும் இப்படித்தான் வருகின்றன. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி அமுக்குகிறது. குழுவில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கி இன்னொரு முறை அமுக்கிவிட்டார்கள். மைனஸ் 85 அந்தக் கட்டங்களை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் ஜிம்ப்பில் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து நீலத்தை மட்டும் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும்.

பிரிண்ட் என்ன அளவு? 30 அங்குல அகலம் என்றால் 1600 புள்ளியை வைத்து அங்குலத்துக்கு 53தான் கிடைக்கும். மூலப் படம் என்றால் 200 கிடைக்கும். கார்டை அழித்துவிட்டீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

ரா இருந்தால்: முதலில் லென்ஸ் கரெக்ஷனில் ஓர நிறச்சிதறலை நீக்குங்கள், அதுவும் கோடு போடும். நீலத்தை மைனஸ் 30க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். மிச்ச இருட்டை வானத்துக்கு மட்டும், மேலிருந்து கீழே படிப்படியாகக் குறையும் கிரேடியன்ட் மாஸ்க்கால் கொடுங்கள். கடைசியில் 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுங்கள்.

மூன்றாங்கண் | வெள்ளி மதியம் 2:05

பாண்டி சொல்வது சரி, கிளாரிட்டி இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கடைசியில் கொஞ்சம் கிரெயின் (ஃபிலிம் துகள் போன்ற பொடிப் புள்ளிகள்) போடுங்கள். வானத்தில் வெளிச்சம் படிப்படியாக மாறும் இடத்தில் படிக்கட்டு போலத் தெரிவது அதில் அடங்கும்.

இருட்டறை | வெள்ளி மாலை 5:50

ஆகக் கடைசியில் நான் சொன்ன இடத்துக்கே வந்தோம். மூலம் நெகடிவ்தான். அதை யாரும் குழுவில் அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கமாட்டார்கள்.

நீலவேளை | வெள்ளி மாலை 6:20

அண்ணா, அவர் மூன்று இரவு தூங்காமல் அத்தானுக்காகச் செய்கிறார். கொஞ்சம் தணிந்து சொல்லலாம்.

கடல்காற்று, ரா இல்லாவிட்டால் இன்றைக்கே போய்ப் புதிதாக எடுங்கள், வெள்ளிக்கிழமை, ஆபீஸ் விளக்குகள் எரியும். ஏழே கால் தொடங்கி இருபது நிமிடம்தான் வானத்தில் வெளிச்சம் நிற்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் சீக்கிரம் இருட்டிவிடும். 1930களின் தொடக்கத்தில் பெரனீஸ் அபாட் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து நியூயார்க்கை இரவில் எடுக்க டிசம்பரைத் தேர்ந்தெடுத்தார். இருட்டிய பிறகும் ஆபீஸ்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பாமல் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி அவருக்கு வேண்டியிருந்தது. எக்ஸ்போஷர் மட்டும் 15 நிமிடம். உங்களுக்கு 10 விநாடி போதும். வானத்தை இருட்டாக்க எந்த ஸ்லைடரும் வேண்டாம்.

கடல்காற்று | சனி காலை 10:20

கார்டில் ரா இருந்தது. ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்துப் பதிவாகும்படி முன்பு எப்போதோ வைத்திருக்கிறேன், நினைவே இல்லை. நீலம் மைனஸ் 25. கோடு இல்லை, திட்டும் இல்லை. வானத்தை முழுக் கருப்பாக்கவில்லை, பழையபேட்டை ஐயா சொன்னது மனதில் நின்றது. பிரிண்ட் கடை வாசலில் நிற்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

இருட்டறை | சனி காலை 10:26

தம்பி, பெரிதாகப் போடும் முன் ரிபப்ளிக் பிளாசா இருக்கும் இடத்தை மட்டும் ஒரு சின்னத் துண்டாக, அதே பேப்பரில் போடச் சொல்லிப் பாருங்கள். திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது, பேப்பர் ஒளிராது. திரையில் ஜன்னல்கள் தெரியும் கருப்பு, பேப்பரில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நிழல் பகுதியை மட்டும் கால் ஸ்டாப், அரை ஸ்டாப் ஏற்றிக் கொடுங்கள். மேட் பேப்பர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுங்கள். துண்டைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள், வெளியே எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இருட்டறை | திங்கள் இரவு 9:15

பிரிண்ட் எப்படி வந்தது? ஜன்னல்கள் தெரிந்தனவா?