மறு: கொடை வரியும் ஊர் வளைவும்

சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் கொடைக்கான வரி கட்டிவிட்டேன், அதில் எனக்குப் பேச்சில்லை. ஊர் முகப்பில் வளைவு கட்ட ஆளுக்கு 5,000 ரூபாய் என்று செயலாளர் அண்ணாச்சி எழுதியிருந்தாரே, அதை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

போன வாரம் தங்கை ஊருக்குப் போயிருந்தாள். தெற்குத்தெரு அத்தை வீட்டுத் தொழுவத்தில் சினைப்பசு நூல் நூலாக எச்சில் ஒழுக நிற்கிறதாம். நாக்கில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கிறது, குளம்பு இடுக்கிலும் புண். மாட்டுக்கு மாடு தொற்றும் கோமாரி நோய்தான். அத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று நாளாக அந்த மாடு பொட்டல் கல்தொட்டியில்தான் தண்ணீர் குடித்திருக்கிறது. ஊர் மாடெல்லாம் வாய் வைக்கிற தொட்டி அது.

குழுவில் எழுதாதே, ஊர்ப் பேர் கெடும், சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள் என்று சிங்கப்பூர் மச்சான் தனியாகப் போன் செய்தார். மச்சான், அப்பா படுத்திருந்தபோது நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் இதில் உங்கள் பேச்சைக் கேட்க முடியாது. புண் வெளியே தெரிவதற்கு முன்பே கோமாரிக் கிருமி எச்சிலிலும் பாலிலும் வந்துவிடும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பால் வற்றும், வெயிலில் இரைக்கும், அவ்வளவுதான். கன்றுதான் பாவம். கிருமி அதன் இதயத்தைத் தாக்கும். வாயில் ஒரு புண்கூட இருக்காது, தாயிடம் குடித்த கன்று சுருண்டு விழுந்துவிடும். எங்கள் தொழுவத்தில் அப்படி ஒன்று போனது. அன்றைக்கு அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. கொடைக்கு முன்னால் அத்தைக்கு இன்னொரு மாடு வாங்கப் பணம் அனுப்பியது நான்தான். சந்தை மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்ட வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வந்த அன்றே சினைப்பசு பக்கத்தில் கட்டிவிட்டார்கள்.

கோமாரித் தடுப்பூசிக்கு ஒரு பைசா செலவில்லை. மத்திய அரசுத் திட்டத்தில் 2019-லிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். காதில் 12 இலக்க வில்லை மாட்டிப் பதிகிறார்கள். ஆனால் சினை கலைந்துவிடும், பால் குறைந்துவிடும் என்று பயந்து, டாக்டர் வருகிற நாளில் நம் ஊர்க்காரர்கள் மாட்டை வயலுக்கு ஓட்டிவிடுகிறார்கள். பால் ஒன்றிரண்டு நாள் குறையலாம், திரும்ப வந்துவிடும்.

வெக்கை என்கிற மாட்டு நோய் வந்த வருஷத்தைப் பற்றித் தாத்தா சொல்வார், ஏரில் பூட்ட ஒரு சோடி கிடையாது என்று. அந்த வெக்கை இன்றைக்கு உலகத்திலேயே இல்லை. 2011-ல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். ஊசியும் போட்டார்கள், எங்கே கண்டாலும் உடனே சொல்லவும் செய்தார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மாட்டை நிறுத்தி ஊசி போட ஒரு இரும்புச் சட்டம், புது மாட்டைக் கட்டப் பொட்டலுக்குத் தள்ளி ஒரு கொட்டகை, அப்புறம் ஒரு நோட்டு. வீட்டுப் பேர், காதுவில்லை எண், ஊசி போட்ட தேதி, புது மாடு எந்தச் சந்தையில் வாங்கியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம், மாதம் ஏதாவது கொடுப்போம். எச்சில் ஒழுகும் மாட்டைக் கண்டால் அவள் அன்றைக்கே 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, நாம்தான் போய்க் கேட்பதில்லை.

மும்பைச் சித்தப்பா, மண்டபக் கணக்கு இன்னும் வரவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். இந்த நோட்டையும் செலவையும் மாதாமாதம் நீங்களே பாருங்கள். வளைவுக்கு வைத்திருந்த 5,000-த்தோடு இன்னும் 10,000 சேர்த்து உங்கள் பொறுப்பில் அனுப்புகிறேன்.

அத்தையை யாரும் போனில் ஏச வேண்டாம். டாக்டரை இன்று காலையில் அவளே கூப்பிட்டுவிட்டாள். தொட்டியைக் காலி செய்து சலவைச் சோடா கரைத்துக் கழுவியிருக்கிறார்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை மாட்டைப் பொட்டலுக்கு ஓட்ட வேண்டாம் என்று அவரவர் வீட்டுக்கு இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.