சின்னத் தொட்டியில் கூட்டமாக லோச் மீன்கள்: வளர்த்தவர்கள் சொல்வது

லோச் என்பது தொட்டியின் அடித்தரையில் மேயும் மீசை மீன் வகை. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட கிளவுன் லோச்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது நம்ம அயிரையைப் பற்றி. மதுரைக்காரர்களுக்கு அது குழம்பு மீன். ஆனால் அது லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்கிற அசல் லோச். விரல் நீளத்துக்கு மேல் வளர்வது அபூர்வம், கூட்டமாக இருக்கும், சண்டை போடாது, நம்ம வெயிலையும் தாங்கும். இரண்டடித் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான லோச்சை நான் பார்த்ததில்லை. என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு டஜன் அயிரையும் கொஞ்சம் சின்ன ரஸ்போரா மீன்களும் இருக்கின்றன.

அயிரையை உயிரோடுதான் விற்பார்கள் என்பது நமக்கு வசதி. மதுரை நெல்பேட்டை மீன் சந்தைப் பக்கம் காலையிலேயே போய்விட்டால் அகலமான பாத்திரத்தில் தண்ணீரோடு நெளிந்துகொண்டிருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வளர்க்கிறவர்களுக்கு ஒரு கைப்பிடி போதும். தண்ணீரை லேசாகக் கலக்கிப் பாருங்கள். சட்டென்று அடிக்குப் போய் ஒளியப் பார்ப்பதுதான் திடமான மீன். வயிறு ஒட்டியது, வாயோர மீசை தேய்ந்தது, தோலில் செந்தடம் உள்ளது இதெல்லாம் வேண்டாம். “சமைக்க இல்லக்கா, வளர்க்க” என்று சொல்லிவிட்டால் கையால் அள்ளாமல் தண்ணீரோடு சேர்த்து மொண்டு தருவார்கள். மண்ணைக் கக்க வைக்கப் பாலிலோ உப்புத் தண்ணீரிலோ போட்டு வைத்திருந்த மீன் மட்டும் வளர்க்க ஆகாது. அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

கண்மாயிலும் ஆற்றிலும் பிடித்த மீன் என்பதால் உடம்பில் ஒட்டுண்ணியும் வயிற்றில் புழுவும் இருக்கலாம். அதனால் இரண்டு மூன்று வாரமாவது தனி டப்பில், ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டு வைத்துப் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிற மீன் இருந்தால் புழுவுக்கு மருந்து பார்த்த பிறகுதான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும்.

அயிரை வளர்ப்பில் பாதி வேலை மணல்தான். இதில் கஞ்சத்தனம் கூடாது. இப்போது எங்கே பார்த்தாலும் எம்-சாண்ட். பாறையை உடைத்து அரைத்தது, ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை இருக்கும். அயிரை நாள் முழுக்க மணலை வாயில் எடுத்து, அதில் இருக்கிற இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக விடும். பயந்தால் உடம்பையே மணலுக்குள் செருகிக்கொள்ளும். கூர்மணலில் இதைச் செய்தால் மீசை தேய்ந்து புண்ணாகும். அதனால் நைஸாகச் சலித்த, உருண்டையான ஆற்று மணல்தான் வேண்டும். ஒன்றரை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் போதும். தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும். கலர் ஜல்லி வேண்டவே வேண்டாம்.

இப்போது கூட்டம் பற்றி. என் அத்தை மகன் வீட்டில் மூன்றே மூன்று அயிரை இருந்தது. பகலில் ஒன்றையும் பார்க்க முடியாது, மண்சட்டி ஓட்டுக்கு அடியிலேயே கிடக்கும். பிறகு அவன் இன்னும் எட்டைச் சேர்த்தான். ஒரு வாரத்துக்குள் பழைய மூன்றும் சேர்ந்து பகலிலேயே வெளியே வந்து மேய ஆரம்பித்துவிட்டன. இரை போட்டது அதேதான், வெளிச்சமும் அதேதான். பக்கத்தில் தன் இனம் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் கூடியிருக்கிறது. எட்டுக்குக் குறைவாக அயிரை வளர்ப்பது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் திடமான கருத்து.

கிட்டே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் இன்னொன்று: திடீரென ஒரு அயிரை செங்குத்தாக மேலே பாயும், ஒரு வாய் காற்றை விழுங்கும், அதே வேகத்தில் கீழே வரும். கொஞ்ச நேரத்தில் வால் பக்கத்திலிருந்து குமிழி வெளியேறும். விழுங்கிய காற்றிலிருந்து குடலே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஒன்று பாய்ந்தால் அடுத்தடுத்து நாலைந்து பாயும். இதற்காக மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். மூடியும் கட்டாயம் வேண்டும், இரவில் நன்றாகவே குதிக்கும். சதா மேலே பாய்ந்துகொண்டே இருந்தால் அது விளையாட்டு இல்லை. தண்ணீர் கெட்டிருக்கிறது, அம்மோனியாவைப் பார்க்க வேண்டும்.

ஆண் பெண் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். கண்ணாடியோரம் வரும்போது மார்புத் துடுப்பைக் கவனியுங்கள். ஆணுக்கு அதில் இரண்டு முள் ஒட்டித் தடித்திருக்கும். பெண் கொஞ்சம் பெரிது, வயிறு உருண்டை.

*

அண்ணா, அயிரை பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சென்னை. கொளத்தூர் கடைகளில் லோச் என்று கேட்டால் முதலில் காட்டுவது கிளவுன், அடுத்தது யோயோ. இரண்டும் இரண்டங்குலக் குட்டியாக, அவ்வளவு அழகாக இருக்கும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இரண்டையும் வாங்காதீர்கள். கிளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். 30 செ.மீ. வரை வளரும், இருபது வருஷத்துக்கு மேல் வாழும். அதையும் கூட்டமாகத்தான் வைக்க வேண்டும் என்றால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யோயோ நம்ம கங்கைச் சமவெளி மீன், அதுவும் 15 செ.மீ. பக்கம் போகும். மெதுவாக வளர்வதால் கடைக்காரர் “சின்னதாவே இருக்கும் சார்” என்று சொல்வது ஒரு வருஷத்துக்கு உண்மை போலவே தெரியும்.

என்னிடம் மூன்றடித் தொட்டியில் ஏழு ஸீப்ரா லோச் இருக்கின்றன. அறிவியல் பெயர் போட்டியா ஸ்ட்ரையாட்டா. மேற்குத் தொடர்ச்சி மலை மீன், துங்கா மாதிரி கிருஷ்ணா படுகை ஆறுகளில் இருப்பது. 8 செ.மீ.க்குள் நின்றுவிடும். உடம்பு முழுக்க மெல்லிய சாய்வுக் கோடுகள், ஒன்றின் கோடு மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் யார் யார் என்று அடையாளம் சொல்வேன்.

போட்டியா வகைக்கு அயிரை மாதிரி சாது சுபாவம் கிடையாது. கூட்டத்துக்கு ஒரு தலைமை உண்டு. பெரும்பாலும் பெரிய பெண் மீன். யாராவது எதிர்த்தால் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி நின்று, நிறம் வெளிறி, கோடு மங்கி, தொட்டியைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொள்ளும். முதல் முறை பார்க்கிறவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள். சண்டை முடிந்ததும் நிறம் திரும்பிவிடும். அறை அமைதியாக இருந்தால் டக் டக் என்று ஒரு சத்தம்கூட வெளியே கேட்கும், குறிப்பாகப் புழு போடும்போது. ஏழு இருப்பதால் இந்தத் தள்ளுமுள்ளு எல்லார் மேலும் பரவிவிடுகிறது. இரண்டு மூன்று மட்டும் இருந்தால் இளைத்தவன் ஒருவன் மேலேயே விடியும். தூங்குவதும் விசித்திரம்தான்: கல்லிடுக்கில் ஒருக்களித்து, சில சமயம் மல்லாந்தே கிடக்கும். செத்துவிட்டது என்று கையை விட்டால் துள்ளி ஓடும்.

ஒரு வருத்தமும் உண்டு. இந்த மீனை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலிட்டிருக்கிறது. அதற்கு இருப்பிடமே ரொம்பக் குறுகியது, கடைக்கு வருவதில் ஆற்றில் பிடித்தவையும் உண்டு. வாங்குகிறவர்கள் பத்து வருஷம் காப்பாற்றும் உறுதியோடு வாங்குங்கள். அது முடியாது என்றால் அண்ணன் சொன்ன அயிரையே போதும்.

*

கோவையிலிருந்து. இரண்டரை அடித் தொட்டி, டிவார்ஃப் செயின் லோச் பத்து. இதையும் பட்டியலில் சேருங்கள். தாய்லாந்து மீன், 5, 6 செ.மீ.தான். வெள்ளி உடம்பில் கறுப்புச் சங்கிலி கோத்த மாதிரி இருக்கும். மற்ற லோச் எல்லாம் தரையோடு தரையாகப் போகும்போது இது நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதந்து நிற்கும், அதுவும் பட்டப்பகலில். ஒன்று திரும்பினால் பத்தும் திரும்பும். களைத்தால் அனுபியாஸ் செடியின் இலை மேல் வரிசையாக உட்காரும். இதுவும் சொந்த ஊரில் ஆபத்தில் உள்ள மீன்தான். ஆனால் கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்தது என்பதால் எனக்கு மனம் ஒப்பியது. விலை கடிக்கும். சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்துவிடும். நீளத் துடுப்புள்ள பெட்டா, ஏஞ்சல் மீன்களோடு போட வேண்டாம், துடுப்பைக் கடிக்கும்.

எங்களுக்கு சிறுவாணித் தண்ணீர் மென்மையாக வருவது பெரிய வரம். போர் தண்ணீர் மட்டும் உள்ளவர்கள் உப்பின் அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். புழு மாதிரி நீளமான கூலி லோச்சும் மென்தண்ணீர் மீன்தான், அதை வளர்ப்பவர்கள் ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் மாட்டுங்கள். எந்த ஓட்டை கிடைத்தாலும் உள்ளே போய்விடும்.

*

நான் திருகோணமலை. அயிரையின் பெயரில் இருக்கிற தெர்மாலிஸ் எங்கள் ஊரால் வந்தது. 1846இல் பிரெஞ்சு மீனியலாளர் வாலன்சியென் இந்த மீனை முதலில் விவரித்தது கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான். சின்ன வயதிலிருந்து போய்க் குளித்த இடம் என்பதால் இதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோசம். எங்கள் வீட்டுத் தொட்டியிலும் இதே மீன் எட்டு நிற்குது. ஹீட்டர் ஒருபோதும் போட்டதில்லை.

ஆனால் ஒன்று. வெந்நீரூற்றுப் பெயர் இருக்கிறது என்பதற்காகச் சூட்டில் போட்டு வதைக்க வேண்டாம். தண்ணீர் சூடாக ஆகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சித்திரை வெக்கையில் நான் மூடியை எடுத்துவிட்டு வலை கட்டி, சின்ன விசிறியைத் தண்ணீர் மேல் ஓட விடுவேன். இரண்டு மூன்று பாகை இறங்கும். ஏர் பம்பை இரவிலும் நிறுத்துவதில்லை.

*

மதுரையிலிருந்து மறுபடியும். கன்னியா விஷயம் எனக்குப் புதிது, ரொம்ப நன்றி.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள், எல்லாருக்குமாகச் சொல்கிறேன். லோச்சுக்குச் செதில் மிகச் சின்னது, தோலுக்குள் புதைந்தது, சிலதுக்கு இல்லவே இல்லை. அதனால் மருந்து உடம்பில் வேகமாக ஏறும். தாமிரம் கலந்த மருந்து வேண்டாம். மாலகைட் கிரீன் வகை என்றால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். கூடவே சூட்டைப் படிப்படியாக 30 டிகிரிக்குக் கொண்டுபோய், காற்றை அதிகமாக விட்டு, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். அடிமணலைத் தினமும் உறிஞ்சி எடுத்தால் கீழே விழுந்த கிருமியும் போகும்.

பிடிக்கும்போது வலையைத் தவிர்த்துவிடுங்கள். அயிரை, போட்டியா, செயின் லோச் எல்லாவற்றுக்கும் கண்ணுக்குக் கீழே ஒரு முள் மடங்கி இருக்கும், பயந்தால் அதை விரித்துவிடும். வலையில் கோத்துக்கொண்டால் இழுக்க இழுக்கக் கண்ணோரம் கிழியும். ஒரு கண்ணாடி ஜாடியை மணலில் சாய்த்து வைத்து, மறுகையால் மெதுவாக ஓட்டினால் தானாக உள்ளே போகும். அப்படியே கோத்துக்கொண்டாலும் மீனை இழுக்காமல் வலையைக் கத்திரியால் வெட்டிவிடுங்கள்.