வெஸ்ஸாலியின் ஆறு தங்கமும் ஒரே எடையா?

தேனிக்காரர்:
வாலன்டினா வெஸ்ஸாலிதான் இத்தாலியின் தலைசிறந்த வாள்வீச்சாளர் என்று கயல் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒலிம்பிக்கில் அவருக்கு 6 தங்கம், 1 வெள்ளி, 2 வெண்கலம். தங்கத்தில் பாதி குழுப் போட்டியில் வந்தது. சக இத்தாலிய வீராங்கனை திரில்லினி போன்றவர் பக்கத்தில் நின்றால் தங்கம் வராமல் எங்கே போகும்? இத்தாலியின் இன்னொரு வாள்வீச்சாளர் எதோஆர்தோ மஞ்சியரோத்தி 1936 முதல் 1960 வரை 13 பதக்கங்கள் வென்றார், அதுவும் ஃபாயில், எப்பே என்று இரண்டு வகை வாளிலும்.

கயல்:
அதே தராசில் மஞ்சியரோத்தியையும் வையுங்கள், ஐயா. அவருடைய 6 தங்கத்தில் ஐந்து குழுவுடையவை. தனியாக வென்றது 1952 ஹெல்சின்கியில் ஒன்றே ஒன்று. வெஸ்ஸாலிக்கு சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என அடுத்தடுத்து மூன்று. ஃபாயிலில் அவருக்கு முன் ஒருவரும் அதைச் செய்ததில்லை. ஏதென்ஸில் பெண்கள் ஃபாயிலுக்குக் குழுப் போட்டியே கிடையாது. இறுதியில் எதிரே நின்றவர் நீங்கள் சொன்ன அதே திரில்லினி!

முத்துவேல்:
வெஸ்ஸாலியும் திரில்லினியும் இத்தாலியில் யேசி என்ற சிறு நகரத்தில் ஒரே கூடத்தில் வளர்ந்தவர்கள். ஆசிரியர் எட்சியோ திரிக்கோலி, தென்னாப்பிரிக்காவில் போர்க்கைதியாக இருந்தபோது வாள்வீச்சு கற்றவர். அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தேனிக்காரர்:
மஞ்சியரோத்தி கணக்கு சரிதான். ஆனால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகளைப் போர் விழுங்கிவிட்டது. வெஸ்ஸாலிக்கு அப்படி ஒரு தடையும் இல்லையே. 2012 லண்டனில், 38 வயதில், அரையிறுதியில் சக இத்தாலியர் எர்ரிகோவிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். பெய்ஜிங்கோடு நிறுத்தியிருக்கலாம்.

கயல்:
தடை இல்லையா? 2005 ஜூனில் மகனைப் பெற்றார். அக்டோபரில் லைப்சிக்கில் உலகப் பட்டம். நான்கே மாதம்! பிள்ளை பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வெண்கலப் போட்டியைப் பார்த்தீர்களா? எதிரே தென்கொரியாவின் நாம் ஹியூன் ஹீ. பெய்ஜிங் இறுதியில் கடைசி நொடிகளில் 6-5 என்று வெஸ்ஸாலியிடம் தங்கத்தை இழந்தவர். லண்டனில் அவர் 12-8 என்று முன்னே நிற்கிறார், நேரம் முடியப் போகிறது. ஃபாயிலில் உடற்பகுதி மட்டுமே இலக்கு. கையிலோ காலிலோ வாள்முனை பட்டால் புள்ளி இல்லை. முன்னிலையில் இருப்பவர் பின்வாங்கிக்கொண்டே இருந்தால் போதும், நேரமே அவரைக் காப்பாற்றிவிடும். அந்த நிலையிலிருந்து வெஸ்ஸாலி நான்கு புள்ளிகள் எடுத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 13-12. எனக்கு அவருடைய தங்கங்களை விட இந்த வெண்கலம்தான் பெரியது.

தேனிக்காரர்:
பார்த்துவிட்டு வந்தேன், அம்மா. நிறுத்தியிருக்கலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் போர் விழுங்கிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.