டேர் யூடோகாவா, டீ யூடோகாவா?

கும்பகோணம் வீடு (குடும்பக் குழு)

மீனா (கொலோன்): வசந்தி சித்தி, செந்தில் மாமா, ஒரு ஜெர்மன் சந்தேகம். இங்க ஃபெரைன் (விளையாட்டு சங்கம்) இதழுக்கு யூடோ (நம்ம ஜூடோ) பிரிவு அறிக்கை தயாராகுது. பொண்ணுங்களும் பசங்களும் கலந்த அணி. யூடோகாவுக்கு, அதாவது ஜூடோ பண்றவருக்கு, ஆண்பால் ஆர்ட்டிகிள் டேர் போடணுமா, பெண்பால் டீ போடணுமா? பொண்ணுங்களுக்கு "யூடோகாயின்"னு ஒருத்தர் திருத்தி அனுப்பியிருக்கார். அப்படி ஒரு சொல் இருக்கா?

வசந்தி சித்தி: இல்லம்மா, எடுத்துடு. பையன்னா டேர் யூடோகா, பொண்ணுன்னா டீ யூடோகா. சொல் அப்படியே நிக்கும், ஆர்ட்டிகிள்தான் மாறும்.

வசந்தி சித்தி: ரிங்கர் (மல்யுத்தம் பண்றவர்), ரிங்கரின். ஃபெக்டர் (வாள்வீச்சு பண்றவர்), ஃபெக்டரின். இதெல்லாம் ஜெர்மன் சொல், "இன்" ஒட்டும். யூடோகா, கராத்தேகா, ஐகிடோகா, கெண்டோகா நாலும் ஜப்பான்லேருந்து வந்தது. அதுல ஒட்டாது.

அருண்: சித்தி, "ஆ"வுல முடிஞ்சா பெண்பால்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்களே? டீ காமெரா, டீ பிட்சா. யூடோவுலயே டீ காட்டா (வரிசையாச் செய்ற அசைவுப் பயிற்சி).

வசந்தி சித்தி: அது பொருளுக்கும் விஷயத்துக்கும்டா. ஆளைக் குறிக்கிற சொல்லுல அந்த ஆள் யாருன்னுதான் பார்க்கணும். "டேர் யூடோகா ஓலெ பிஷோஃப்", 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல தங்கம். "டீ யூடோகா இவோன் போனிஷ்", 2004 ஏதென்ஸ்ல தங்கம். ரெண்டு பேருக்கும் ஒரே சொல்தான்.

செந்தில் மாமா: ஜப்பானிய மொழியில பெயர்ச்சொல்லுக்குப் பாலே கிடையாது. கடைசி "கா" அந்தக் கலையில தேர்ந்தவர்னு காட்டுற எழுத்து. ஜெர்மன்ல அந்தத் தேர்ச்சி அர்த்தம் போயிடுச்சு. வெள்ளை பெல்ட் கட்டின ஆறு வயசுக் குழந்தையையும் யூடோகான்னே எழுதலாம், தப்பில்ல.

மீனா: சரி மாமா. அடுத்தது, "விர் டாங்கன் டேம் யூடோகான்"னு ஒரு வரி இருக்கு, யூடோகாவுக்கு நன்றி சொல்றது.

வசந்தி சித்தி: டேம் யூடோகா. "ன்" வேண்டாம். டேர் அத்லேட், டேன் அத்லேட்டன்னு வர்ற பழக்கத்துல போட்டிருப்பாங்க. யூடோகா அந்த வகை இல்ல. "ஐ" வேற்றுமையில (அக்குஸாட்டிவ்) டேன் யூடோகா, "கு" வேற்றுமையில (டாட்டிவ்) டேம் யூடோகா. கெனிட்டிவ்ல ("உடைய" வேற்றுமை) மட்டும் டெஸ் யூடோகா, டெஸ் யூடோகாஸ் ரெண்டும் சரி. பெண்ணுக்கு எந்த வேற்றுமையிலயும் முடிவு மாறாது.

அருண்: பன்மை?

வசந்தி சித்தி: அதுவும் ரெண்டு விதம். டீ யூடோகா, டீ யூடோகாஸ். பன்மை டாட்டிவ்லயும் "ன்" சேராது: மிட் டேன் யூடோகா, மிட் டேன் யூடோகாஸ் (மிட்னா "கூட"). எ, எல், எர்னு முடியுற பன்மைக்குத்தான் அந்த "ன்" வரும்.

மீனா: அப்போ ரெண்டுல எதை எடுக்க?

செந்தில் மாமா: "ஸ்" போட்டதை எடு. ஏன்னு சொல்றேன், இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. "டீ யூடோகா"ன்னு மட்டும் எழுதினா ஒரு பொண்ணா, மொத்த அணியா? வாக்கியத்துல வினைச்சொல் இருந்தா தெரிஞ்சிடும். "உன்ஸெரெ யூடோகா ஹாட் கெவோனன்", ஒரு பொண்ணு ஜெயிச்சா. "உன்ஸெரெ யூடோகா ஹாபன் கெவோனன்", பல பேர். தலைப்புலயும் படத்துக்குக் கீழ எழுதுறதுலயும் வினைச்சொல் இருக்காது. அங்க படிக்கிறவர் திணறிடுவார்.

மீனா: எங்க தலைப்பே "எர்ஃபோல்கெ டேர் யூடோகா"தான் மாமா!

செந்தில் மாமா: அதையேதான் சொல்றேன். அந்த "டேர்" ஆண்பால் டேர் இல்ல, கெனிட்டிவ். ஒரு பொண்ணோட வெற்றிகளாவும் இருக்கலாம், அணியோட வெற்றிகளாவும் இருக்கலாம். "எர்ஃபோல்கெ டேர் யூடோகாஸ்"னு எழுது, பன்மை மட்டும்தான் நிக்கும். ஒருமைப் பெண்பாலுக்கு "ஸ்" வரவே வராது இல்லையா?

வசந்தி சித்தி: இதைச் சேர்த்துக்கோ மீனா. "டேர் யூடோகா" நாலு இடத்துல வரும்: ஆண் நாமினேட்டிவ் (எழுவாய்), பெண் டாட்டிவ், பெண் கெனிட்டிவ், பன்மை கெனிட்டிவ். "டேர் ட்ரேனர் ஹில்ஃப்ட் டேர் யூடோகா"ன்னா பயிற்சியாளர் உதவுறது ஒரு பொண்ணுக்கு. பையன்னா டேம் யூடோகா. டேர்னு பார்த்த உடனே ஆண்னு முடிவு கட்டினா அர்த்தமே தலைகீழாயிடும்.

அருண்: "டேன் யூடோகா"வும் அப்படித்தானே? ஆண் அக்குஸாட்டிவ், இல்லன்னா பன்மை டாட்டிவ். முன்னாடி "மிட்" இருந்தா பன்மை.

வசந்தி சித்தி: ரொம்ப சரிடா கண்ணா.

மீனா: உறுப்பினர் அறிமுகப் பக்கத்துல "ஸீ இஸ்ட் யூடோகா"ன்னு (அவ யூடோகா) இருக்கே, ஆர்ட்டிகிள் விட்டுப்போச்சா?

வசந்தி சித்தி: விட்டுப்போகல. ஒருத்தர் என்னவா இருக்காங்கன்னு சொல்றப்போ ஆர்ட்டிகிள் வேண்டாம். ஸீ இஸ்ட் யூடோகா, எர் இஸ்ட் யூடோகா. நடுவுல "நல்ல" மாதிரி அடைமொழி வந்தா ஆர்ட்டிகிளும் கூட வரும்: "ஐனெ கூட்டெ யூடோகா", "ஐன் கூட்டர் யூடோகா". பேருக்கு முன்னாடியும் விட்டுடலாம். பத்திரிகையில "யூடோகா அன்னா-மரியா வாக்னர்"னுதான் போடுவாங்க, 2021லயும் 2024லயும் உலக சாம்பியன் ஆனவங்க.

செந்தில் மாமா: விளையாட்டோட பேர் டாஸ் யூடோ (டாஸ் மூணாவது பாலோட ஆர்ட்டிகிள்). "ஸீ மாஹ்ட் யூடோ"ன்னு (யூடோ பண்றா) எழுது. ஷ்பீல்ட் (விளையாடுறா) போடாதே, பந்தாட்டம் மாதிரி விளையாட்டுக்குத்தான் அது. கூட்டுச்சொல் எல்லாம் யூடோவுலேருந்துதான் வரும்: யூடோமாட்டெ (பாய்), யூடோட்ரேனர் (பயிற்சியாளர்), யூடோஆன்ட்சுக் (உடை). நடுவுல "கா" வராது.

அருண்: அழுத்தம் எங்க மாமா? யூ-விலயா?

செந்தில் மாமா: யூடோவுல யூ. யூடோகாவுல "டோ"வை நீட்டணும். கராத்தேகாவுல "தே". மேடையில பேர் படிக்கிறவங்களுக்கும் சொல்லிடு மீனா.

மீனா: கடைசிப் பக்கம் டேக்வாண்டோ. அதுல "டேக்வாண்டோயின்"னு இருக்கு. இது பொண்ணுங்களுக்கா?

செந்தில் மாமா: இல்லவே இல்ல. அந்த "இன்" கொரிய மொழியில ஆள், மனிதர்னு அர்த்தம். பார்வைக்கு ஜெர்மன் பெண்பால் ஒட்டு மாதிரியே இருக்கு, அவ்வளவுதான். டேர் டேக்வாண்டோயின், டீ டேக்வாண்டோயின், ரெண்டும் உண்டு. பன்மையும் அதே வடிவம். "டேக்வாண்டோயினன்"னு யாராவது நீட்டியிருந்தா அடிச்சிடு. பத்திரிகையில "டேக்வாண்டோகா"ன்னும் எழுதுறாங்க, அது ஜப்பானிய வாலைக் கொரியச் சொல்லுல ஒட்டினது. எனக்கு அது பிடிக்காது.

வசந்தி சித்தி: விளையாட்டு தெரியாத பெற்றோரும் படிப்பாங்க மீனா. ஒரு பையன் பேருக்கு முன்னாடி "டேக்வாண்டோயின்"னு வந்தா குழம்புவாங்க. அங்க "டேக்வாண்டோ-ஷ்போர்ட்லர்"னு எழுதிடு, பொண்ணுக்கு "ஷ்போர்ட்லரின்". இது ஜெர்மன் சொல்லாச்சே, ஒட்டு தாராளமா வரும்.

மீனா: சித்தி, அஞ்சு பதக்கம் ஜெயிச்ச வரியை இப்படி மாத்திட்டேன்: "உன்ஸெரெ யூடோகாஸ் ஹாபன் ஃப்யுன்ஃப் மெடல்யென் கெவோனன்." மத்த இடத்துலயும் யூடோகாவை எல்லாம் மொத்தமா யூடோகாஸ்னு கம்ப்யூட்டர்ல மாத்திடவா?

வசந்தி சித்தி: மொத்தமா மாத்தாதே! "ஸீ இஸ்ட் யூடோகாஸ்"னு ஆயிடும். பெண் கெனிட்டிவும் கெட்டுடும். ஒவ்வொரு இடத்துலயும் முதல்ல வினைச்சொல்லைப் பாரு, அப்புறம் ஆர்ட்டிகிள், அப்புறம் "ஸ்" வேணுமான்னு முடிவு பண்ணு. ஒரு பக்கத்துல யூடோகா, இன்னொரு பக்கத்துல யூடோகாஸ்னு பன்மையைக் கலக்கவும் வேண்டாம்.

செந்தில் மாமா: படத்துக்குக் கீழ உள்ள வரிகளை மட்டும் தனியா எடுத்துப் பாரு. பேர் போட்ட படத்துல "யூடோகா"ன்னு ஒருமையா விடு, அணி படத்துல "யூடோகாஸ்". அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை இங்க அனுப்பு, நான் பார்த்துடுறேன்.