பாக்கெட்டின் பின்பக்கச் சத்து அட்டவணை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பெருந்துறைப் பேத்தி:
அப்புச்சிக்குச் சர்க்கரை வியாதி. ஈரோட்டில் வாங்கிய ராகி லட்டு பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்னால் பார்த்தால் ராகிக்கு அடுத்த பொருளே நாட்டுச் சர்க்கரை! அட்டவணையிலோ சேர்த்த சர்க்கரை 0 கிராம். நான் படித்து முடிப்பதற்குள் அப்புச்சி மூன்றாவது லட்டை எடுத்துவிட்டார். "இதுல சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்குது கண்ணு" என்று சிரித்தார். இன்னும் மனசு ஆறவில்லை.

கவுந்தப்பாடிக்காரன்:
அப்படிப் போட்டது தப்புதான். ஆனால் இதை வைத்து நாட்டுச் சர்க்கரையைக் கெட்ட பொருளாக்கிவிடாதீர்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கே எங்கள் ஊர்ச் சர்க்கரைதான் போகிறது.

காங்கேயம் முறுக்குக்காரி:
கவுந்தப்பாடி அண்ணா, கெட்ட பொருள் என்று அந்தப் புள்ளை எங்கே சொன்னது? வெல்லம் போட்டாலும் தேன் விட்டாலும் சேர்த்த சர்க்கரைக் கணக்கில்தான் வரும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளுக்கு 50 கிராம் என்று வைத்துத்தான் கவரில் சதவீதமே போடுகிறார்கள்.

கவர் அடிக்கப் போனபோது டிசைன் போடும் தம்பி என்னிடம், "வேற ஒருத்தருக்குப் போட்ட அட்டவணை இருக்குதுங்க அக்கா, அதையே வெச்சுரலாமுங்களா?" என்றான். அது கடலை மிட்டாய்க்குப் போட்டது! அப்படியே எழுந்து வந்துவிட்டேன். கோவையில் என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப்பில் கொடுத்து, ரிப்போர்ட் வந்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பினோம்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு: அரிசி மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று எந்த உணவுப் பொருளில் எவ்வளவு சத்து என்று சொல்லும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையை வைத்துக் கூட்டினால் பொரிக்கிற பண்டத்துக்குச் சரிவராது. முறுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது சூட்டையும் மாவின் ஈரத்தையும் பொறுத்தது. அதனால் சாம்பிளுக்கென்று தனியாகச் சுடாமல், விற்பனைக்குச் சுட்டதிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். மொத்தக் கொழுப்பு மட்டும் பார்த்தால் போதாது. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் எல்லாம் வேண்டும். எண்ணெயை மாற்றினால் மறுபடியும் டெஸ்ட் எடுங்கள். செலவுதான், ஆனால் சாப்பிடுகிறவர் அதை நம்பித்தானே வாங்குகிறார்?

ஊத்துக்குளி வாசி:
எங்கள் வீட்டில் உப்புதான் பிரச்சினை. அப்பாவுக்கு பிபி. மிக்சர் கவரில் உப்பு என்று தேடினால் அந்த வரியே இல்லை, சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தது. அதை 2.5 ஆல் பெருக்கினால்தான் உப்பு. அதாவது 100 கிராம் மிக்சரில் 2 கிராம் உப்பு. "பாதி பாக்கெட்தானே சாப்பிட்டாரு" என்றார் அம்மா. பாக்கெட் 200 கிராம். ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா இன்னும் ராத்திரிச் சாப்பாட்டுக்கே உட்காரவில்லை.